மோந்து பாருங்க, அத்தான்

காலையில் படகுத்துறைப் பம்பின் பூட்டைத் திறந்ததும் அவள் முதலில் எடுப்பது ஒரு கண்ணாடி பாட்டில். எப்போதோ ஜாம் இருந்த பாட்டில்; லேபிளைச் சுரண்டிய இடத்தில் பசை பழுப்பேறிக் கிடக்கும். அதை அவள் கழுவ மாட்டாள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே தங்கினாலும் பாட்டில் பொய் சொல்லும் என்பாள். காய்ந்த பருத்தித் துணியை இரண்டு விரலில் சுற்றி உள்ளே விட்டு, குழந்தையின் காதைத் துடைப்பது போல ஓரம் ஓரமாகத் துடைப்பாள். குழாயிலிருந்து முதல் பெட்ரோலைப் பாதி பாட்டில் வரை பிடித்து, மூடியைத் திருகி, ஒரே ஒரு தடவை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தி, ஜன்னல் திட்டில் வைப்பாள். அங்கே ஒரு வெள்ளை அட்டை நிற்கும். அட்டையின் குறுக்கே கறுப்பு மையில் ஒரு கோடு. பாட்டிலில் குமிழிகள் அடங்கும்வரை அவளும் அடங்கி நிற்பாள். அந்த நேரத்தில் யார் என்ன கேட்டாலும் காதில் ஏறாது. பெட்ரோலுக்குப் பின்னால் அந்தக் கோடு கத்தி மாதிரித் தெரிந்தால் சரி. தூக்கம் கலையாத கண்ணுக்குத் தெரிவது போல மங்கினால் அன்றைக்குப் பம்ப் திறக்காது.

அதோடு விடமாட்டாள். மூடியைத் திறந்து, வரிசையில் முதலில் நிற்கிறவரிடம் பாட்டிலை நீட்டுவாள்.

“மோந்து பாருங்க. எப்படி இருக்கு?”

“பெட்ரோல் மாதிரி இருக்கு” என்பார் ஒருவர்.

“என் பொண்டாட்டி கோவம் மாதிரி சுருக்குன்னு ஏறுது” என்பார் இன்னொருவர்.

“சுருக்குன்னா புதுசுதான்” என்று சிரிக்காமல் சொல்லிவிட்டு பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொள்வாள். பெட்ரோல் நிரப்பி முடித்த பிறகும் இதே கதைதான். டேங்க் இருக்கும் பெட்டியைத் திறந்து, படகுக்காரர் தலையை உள்ளே விட்டு ஒரு தடவை மோந்து, “ஒண்ணும் இல்லை” என்று வாயால் சொன்னால்தான் கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்க்க விடுவாள். துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் முறைப்பார்கள். பழகியவர்கள் தலையை விட்டுவிட்டு, “ஒண்ணும் இல்லை, ஒரு எலி மட்டும் தூங்குது” என்று கத்துவார்கள்.

துறையில் அவளுக்குப் பெயர் பாட்டிலக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒருவர் மட்டும் கூப்பிடுவதில்லை. தீவுக்கும் நகரத்துக்கும் நடுவே வேகப்படகு ஓட்டுகிற டிரைவர். பாட்டிலக்காவின் அக்காவைக் கட்டியவர். அவளுக்கு அத்தான்.

டிரைவருக்கு அந்த மோந்து பார்க்கும் சடங்கு அறவே பிடிக்காது. “நான் படகு ஓட்ட வந்தேனா, அத்தர் வியாபாரம் பண்ண வந்தேனா?” என்று வீட்டில் புலம்புவார். அவருடைய மனைவி முன்னறையில் தையல் மெஷின் போட்டு, படகுகளுக்கு இருக்கை உறையும் தார்ப்பாய் மூடியும் தைத்துக்கொண்டிருப்பாள். அவள் தலையைத் தூக்காமல், “மோந்துதான் பாருங்களேன், மூக்கு தேய்ஞ்சா போயிடும்?” என்பாள்.

உண்மையில் டிரைவர் தன் கொழுந்தியாளைக் கொஞ்சம் மந்தமானவள் என்றே நினைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வந்திருந்தபோது, அடுப்பில் பாலை வைத்துவிட்டு மனைவி கடைக்குப் போயிருந்தாள். டிரைவர் தெருமுனையில் திரும்பும்போதே பால் தீய்ந்த வாடை வந்தது. ஓடி வந்து பார்த்தால் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு, அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவள் நிம்மதியாகப் பழைய வாரப்பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். பாத்திரம் கரியாகிப் போயிருந்தது. அதைச் சொல்லிச் சொல்லியே டிரைவர் வருஷக்கணக்காகச் சிரித்தார். “நாலு தெருவுக்கு நாறுது, இந்த அம்மா தொடர்கதை படிக்குது!” அவளும் கூடச் சிரிப்பாள். ஒரு வார்த்தை பதில் சொன்னதில்லை.

டிரைவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுற்றுவட்டாரத்தில் அவரைப் போல் படகை எழுப்புகிற ஆள் இல்லை. வேகப்படகு முதலில் தண்ணீரை உழுதுகொண்டுதான் போகும். ஒரு வேகத்துக்கு மேல் மூக்கைத் தூக்கி, அலைமேல் ஏறி உட்கார்ந்து, பிறகு வழுக்கிக்கொண்டு ஓடும். மற்றவர்களுடைய படகு ஏறி உட்காரக் கலங்கரை விளக்கம் வரை ஆகும். டிரைவருடைய படகு துறையின் கடைசிக் கல்லைத் தாண்டும்போதே எழுந்துவிடும். பயணிகள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் ஒரு கையால் தொப்பியை அழுத்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போவார். அதற்குப் பின்னால் ஒரு சூட்சுமம் இருந்தது. டேங்கை அவர் ஒருபோதும் நிரப்ப மாட்டார். அன்றைய ஓட்டத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் போடுவார். கால் டேங்க், மிஞ்சிப் போனால் அதற்குக் கொஞ்சம் மேலே. “வயித்தை ரொப்பிக்கிட்டு ஓட்டப்பந்தயம் ஓடுவாங்களா?” என்பது அவர் கேள்வி.

அந்த வருஷம் கோடையின் முடிவில் படகின் அடிப்பலகையில் விரிசல் விட்டது. கரையேற்றிப் பழுது பார்க்கச் சில வாரங்கள் ஆயின. மழைக்கு முந்தைய புழுக்கம். பகலெல்லாம் தகரம் காய்ச்சுவது போல வெயில், இரவானால் கடற்காற்று ஈரத் துணியாக வந்து ஒட்டும். படகு கொட்டகையில் கால் டேங்க் பெட்ரோலோடு அப்படியே கிடந்தது. பழுது முடிந்து தண்ணீரில் இறக்கியதும் டிரைவர் வழக்கம் போல அதன்மேலேயே பெட்ரோலை ஊற்றி ஓட்ட ஆரம்பித்தார்.

முதல் தடவை எஞ்சின் நின்றது முகத்துவாரத்தில். ஆறு கடலைச் சந்திக்கும் அந்த இடத்தில் அலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, படகைக் கீழிருந்து குத்தும். எஞ்சின் இரண்டு முறை இருமியது, நின்றது. சில நிமிடம் கழித்து மறுபடி பிடித்துக்கொண்டது. டிரைவர் கரைக்கு வந்து பெட்ரோல் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தார். அடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. புது ஃபில்டரை மாட்டினார். வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது தடவை நின்றபோது படகில் தபால்காரர் இருந்தார். ஓய்வு பெற்றவர், சிறுநீரகம் கைவிட்டுவிட்டதால் வாரத்தில் மூன்று நாள் நகரத்து மருத்துவமனைக்கு ரத்தம் சுத்தம் செய்யப் போகிறவர். தீவிலிருந்து அவரை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒரே படகு இதுதான். அன்றைக்கு எஞ்சின் மறுபடி பிடிக்கவே இல்லை. படகு திசை தெரியாத வாத்து போலச் சுற்றியது. தபால்காரர் பலகையில் சாய்ந்துகொண்டு, “அவசரமில்லை தம்பி, என் ரத்தம் எங்கேயும் போயிடாது” என்று ஆறுதல் சொன்னது டிரைவருக்கு இன்னும் வலித்தது. கடைசியில் மணல் ஏற்றிப்போன தோணிக்காரர்கள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். துறை முழுக்கக் கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. வேகத்துக்குப் பெயர்போன படகு, மணல் தோணியின் வாலைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து வந்தது.

கரையில் கால் வைத்ததும் டிரைவர் நேராகப் பம்புக்குப் போனார். ஃபில்டரிலிருந்த தண்ணீரை அவள் காலடியில் கொட்டினார்.

“பாத்துக்கோ! தினம் எங்க மூக்குல பாட்டிலை வச்சுத் தேய்க்கிறியே, உன் பெட்ரோல்ல இருக்கிற தண்ணி உனக்குத் தெரியலையா? ஒரு மனுஷன் உசுரு போயிருக்கும்!”

எல்லோரும் அவள் பதிலுக்குக் கத்தப்போகிறாள் என்று பார்த்தார்கள். அவள் தரையில் சிந்திய ஈரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே போய், ‘பம்ப் இயங்காது’ என்ற பலகையை எடுத்து வந்து, தன் குழாயிலேயே மாட்டினாள்.

“இருக்கலாம் அத்தான். பாத்துட்டுத் திறக்கிறேன்.”

அவ்வளவுதான்.

துறை அதிகாரி மறுநாளே டிரைவரைக் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டே பேசினார். மூன்றாவது தடவை நடந்தால் தபால்காரருக்கு யார் பதில் சொல்வது? வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் விசாரணை, அன்றைக்கே முகத்துவாரம் வரை ஒரு சோதனை ஓட்டம். காரணம் தெரியாவிட்டாலோ, எஞ்சின் நின்றாலோ, வேகப்படகு வேறு ஆளுக்கு. டிரைவர் மணல் தோணிக்கு.

மணல் தோணி. அந்த இரண்டு வார்த்தையும் டிரைவரின் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டன. மணல் தோணி ஓட்டுவது கேவலமில்லை. அவரை இழுத்து வந்தவர்கள் அவர்கள்தான். ஆனால் அது ஒருநாளும் மூக்கைத் தூக்காது.

பம்ப் மூடிக் கிடந்ததில் துறையே கடுகடுத்தது. படகுகள் எல்லாம் மேற்குக் கரையில் இருக்கும் பம்புக்குப் போய் வர வேண்டியிருந்தது. “பாட்டிலக்கா, உங்க அத்தான் ஒரு சத்தம் போட்டாருன்னு கடையை இழுத்து மூடிட்டீங்களே, மாமியார் வீட்டுச் சண்டையா இது?” என்று மீன்காரர் ஒருவர் குறைபட்டார். அவள் நிலத்தடித் தொட்டியின் அடியிலிருந்து குழாய் விட்டுப் பெட்ரோல் எடுத்து, பாட்டில் பாட்டிலாக ஜன்னல் திட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளை அட்டையிலிருந்த கோடு ஒவ்வொன்றின் பின்னாலும் நேராகத் தெரிந்தது. அப்போதும் அவள் பலகையைக் கழற்றவில்லை. தன் பக்கம் சரி என்றால் மட்டும் போதாது என்று நினைத்தாள் போல. தண்ணீர் எங்கிருந்தோ வந்திருக்கிறது. எங்கிருந்து என்று தெரியும்வரை தன்னையும் சேர்த்தே சந்தேகப்பட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் பாட்டிலக்கா தன் அக்கா வீட்டுக்கு வந்தாள். டிரைவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் வந்ததைக் கவனிக்காதது போலத் தட்டிலேயே கண்ணாக இருந்தார்.

“அத்தான், ரெண்டு தடவையும் முகத்துவாரத்துலதானே நின்னுது?”

“ஆமா. அலையில நிக்காம குளத்துலயா நிக்கும்?”

“ஆத்துல ஓடும்போது ஒரு தொந்தரவும் இல்லையா?”

“இல்லை.”

“காலையில ஸ்டார்ட் பண்ண சிரமப்படுதா? சரிவுல லாரி ஏறுற மாதிரி கடகடன்னு உள்ளே தட்டுதா?”

டிரைவர் கையை நிறுத்தினார். தட்டியது. ஒரு வாரமாகவே தட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை வெயிலின் மேல் பழி போட்டிருந்தார்.

“இவ என்ன, டாக்டர் மாதிரி கேள்வி கேக்குறா?” என்றார் மனைவியைப் பார்த்து.

“டாக்டர்கிட்ட பொய் சொன்னா ஊசிதான்” என்றாள் மனைவி, நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே.

“டேங்க்கை எனக்குக் கொஞ்ச நேரம் காட்டுங்க அத்தான். காலையில, யாரும் வர்றதுக்கு முன்னாடி. நீங்களும் நானும் மட்டும் போதும்.”

வெள்ளிக்கிழமை விடிந்து வெளிச்சம் பரவியதும் இரண்டு பேரும் படகில் இருந்தார்கள். துறையில் நாய்கள்தான் இருந்தன. அவள் டேங்க் மூடியைத் திறந்ததும் உடனே குழாயை விடவில்லை. கையை டேங்கின் மேல்பக்கத்து உள்சுவரில் தடவி, வெளியே எடுத்து, விரல்களை அவரிடம் காட்டினாள். விரல் நுனியெல்லாம் ஈரம். பெட்ரோல் என்றால் இதற்குள் ஆவியாகியிருக்கும். இது ஆவியாகவில்லை.

பிறகு ஒரு மெல்லிய குழாயை டேங்கின் அடிமட்டம்வரை விட்டு, கைப்பம்பை அழுத்திப் பாட்டிலில் பிடித்தாள். கவிழ்த்தாள், நிமிர்த்தினாள், இருக்கைப் பலகையில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் பாட்டில் இரண்டாகப் பிரிந்தது. மேலே டீத்தண்ணி நிறத்தில் பெட்ரோல். அடியில் கலங்கலாக இன்னொன்று. நடுவே ரம்பத்தால் அறுத்தது போல ஒரு கோடு.

அவள் மூடியைத் திறந்து அவரிடம் நீட்டினாள்.

“மோந்து பாருங்க, அத்தான். எப்படி இருக்கு?”

அவருக்குச் சுரீர் என்றது. இப்போதுமா? கண்ணெதிரே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. இதற்கு மேல் மூக்கு எதற்கு? அவள் விடவில்லை. பாட்டிலை நீட்டியபடியே அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் வாங்கி மோந்தார்.

“சொல்லுங்க.”

“என்னத்தைச் சொல்ல?”

“எப்படி இருக்குன்னு சொல்லுங்க.”

“…பழைய வார்னிஷ் மாதிரி இருக்கு. புளிச்ச வார்னிஷ். போதுமா?”

“போதும்” என்றாள். அதைச் சொன்ன குரலில் வெற்றி எதுவும் இல்லை. “நாள்பட்ட பெட்ரோல் அத்தான். கரையில கிடந்தப்ப இருந்தது. லேசான சத்தெல்லாம் ஆவியாப் பறந்துடுச்சு. கனமானது மட்டும் மிச்சம். அதான் காலையில பிடிக்க மாட்டேங்குது, பாரம் ஏத்தினா உள்ளே தட்டுது.”

“தண்ணி?”

“டேங்க் வேர்க்குது.”

“என்ன?”

“ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த டம்ளர் வேர்க்குமில்ல, அந்த மாதிரி. முக்கால் டேங்க் காலியா இருந்தா அதுல பூரா காத்து. பகல்ல காத்து சூடாகி மூச்சை வெளியே விடும். ராத்திரி குளிர்ந்து மூச்சை உள்ளே இழுக்கும். இழுக்கிறது கடல் காத்து, அத்தனையும் ஈரம். தகரத்துல பட்டு வேர்த்து அடியில எறங்கும். இப்ப வர்ற பெட்ரோல்ல ஆல்கஹால் வேற கலந்து வருது. அது ஈரத்தைக் கண்டா விடாது. உறிஞ்சிக்கிட்டே இருக்கும், தாங்க முடியாத அளவு ஆனதும் பெட்ரோலைக் கைவிட்டுட்டு தண்ணியோட சேர்ந்து கீழே போயிடும்.”

“பெட்ரோலும் தண்ணி போட ஆரம்பிச்சிடுச்சா!” என்று டிரைவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

“ஆத்துல படகு ஆடாது. எஞ்சின் உறிஞ்சுற குழாய் அடியிலிருந்து ஒரு விரல் மேலே நிக்குது, நல்ல பெட்ரோலா இழுக்குது. முகத்துவாரத்துல படகு குதிச்சதும் அடியில கிடக்கிற தண்ணியெல்லாம் கலங்கி மேலே வருது. ஃபில்டரும் எவ்வளவுதான் தாங்கும்? டேங்க் நிறைஞ்சிருந்தா உள்ளே காத்துக்கு இடமில்லை, வேர்க்கவும் வேர்க்காது, இப்படி அலம்பவும் அலம்பாது.”

டிரைவர் பலகையில் உட்கார்ந்தார். கால் டேங்க். அவருடைய சூட்சுமம். கடைசிக் கல்லைத் தாண்டும்போதே படகை எழுப்பிய அந்த இலேசான வயிறு. அதுதான் தபால்காரரை அலையில் சுற்ற விட்டது. இவள் காலடியில்தான் அந்தத் தண்ணீரைக் கொட்டியிருந்தார்.

“அதிகாரிகிட்ட சொல்லப்போறியா?” என்று கேட்டார்.

அவள் பாட்டிலை மூடினாள். அதை அவர் பக்கத்திலேயே வைத்தாள்.

“என் பம்ப் எப்படின்னு நான் சொல்றேன். உங்க டேங்க் எப்படின்னு நீங்க சொல்லுங்க.”

விசாரணை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பம்ப் அறைக்கு முன்னால் ஒரு மேஜை, ஒரு நாற்காலி. அதிகாரி உட்கார்ந்திருக்க, சுற்றிலும் படகுக்காரர்கள், தோணிக்காரர்கள். தபால்காரர்கூட மடித்த குடையோடு வந்திருந்தார். அவள் தன் பாட்டில்களை வெள்ளை அட்டைக்கு முன்னால் அடுக்கினாள். அதிகாரி குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“உங்க பம்ப்ல தண்ணி இல்லை. சரி. அப்போ படகுல தண்ணி எங்கேருந்து வந்தது?”

“அதை நான் சொல்லக் கூடாதுங்க. என் பம்ப்புக்குத்தான் நான் பொறுப்பு.”

“இதென்ன பதில்? தெரியுமா, தெரியாதா?”

அவள் பேசாமல் நின்றாள். மீன்காரர்கள் முணுமுணுத்தார்கள். தெரியாது என்று ஒரு பொய் சொன்னால் அத்தானின் தப்பு வெளியே வராது. ஆனால் காரணம் தெரியாமலே போகும், படகும் அவர் கையைவிட்டுப் போகும், பழியும் பாதி அவள் மேலேயே தங்கும். தெரியும் என்று சொன்னால் அவள் தப்புவாள். இரண்டையும் செய்யாமல் வெயிலில் நின்றாள். குழாயில் ‘பம்ப் இயங்காது’ பலகை காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

டிரைவர் தன் பைக்குள் கையை விட்டார். இரண்டாகப் பிரிந்த பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார்.

“என் டேங்க்லேருந்து எடுத்தது. பம்ப் மேல தப்பில்லை. நான் டேங்க்கை நிரப்பினதே இல்லை. படகு லேசா இருந்தா சீக்கிரம் எழும்பும், அதுக்காக. கரையில கிடந்த பழைய பெட்ரோலையும் வடிக்கல. தப்பு என்னுது.” பிறகு கூட்டத்தைப் பார்த்து, “அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அந்தப் பொண்ணைப் பேசினேன். அதனால இதையும் எல்லார் முன்னாடியும் சொல்றேன்” என்றார்.

தபால்காரர் குடையைத் தரையில் தட்டினார். “சார், ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க. நானும் வரேன். பயந்துட்டு வீட்ல இருந்தா என் ரத்தத்தை யார் கழுவுவாங்க?”

அதிகாரி பேப்பர்வெயிட் இல்லாததால் பாட்டிலின் மூடியை உருட்டினார். “முதல்ல டேங்க்கைக் கழுவுங்க. பிறகு பார்ப்போம்.”

டேங்கை வடித்தார்கள், துடைத்தார்கள், குழாய்களையும் ஃபில்டரையும் மாற்றினார்கள். மணல் தோணிக்காரர்களும் சட்டையைக் கழற்றிவிட்டு வேலைக்கு வந்தார்கள். பாட்டிலக்கா குழாயிலிருந்து பலகையைக் கழற்றினாள். அந்தப் படகின் வாழ்க்கையில் முதல் தடவையாக டேங்க் கழுத்துவரை நிறைந்தது. அவள் வழக்கம் போலப் பெட்டியைத் திறந்து காட்டினாள். டிரைவர் தலையை உள்ளே விட்டு மோந்தார். “ஒண்ணும் இல்லை” என்றார், முனகாமல்.

கயிற்றை அவிழ்க்கும்போது அவள் குனிந்து சொன்னாள்: “உச்சி வெயில் அத்தான். சூட்டுல காத்து மெலிஞ்சிருக்கும், எஞ்சினுக்கே மூச்சு வாங்கும். கூடவே முழு டேங்க் பாரம். எழும்ப நேரமாகும். பயந்துபோய் முறுக்காதீங்க. அது தானா எழுந்திருக்கும்.”

கடைசிக் கல் போயிற்று. படகு எழவில்லை. கரையில் யாரோ சிரித்தது டிரைவருக்குக் கேட்டது, அல்லது கேட்டதாகத் தோன்றியது. கை த்ராட்டிலை முறுக்கத் துடித்தது. முறுக்கவில்லை. கலங்கரை விளக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், அவசரமில்லாமல், நாற்காலியிலிருந்து பெரியவர் ஒருவர் எழுவது போல, படகு மூக்கைத் தூக்கி அலைமேல் ஏறி உட்கார்ந்தது. உள்ளே தட்டல் இல்லை. எஞ்சின் ஒரே சுருதியில் பாடியது.

முகத்துவாரம் வந்தது. படகு குதித்தது, விழுந்தது, பக்கவாட்டில் சாய்ந்து மறுபடி குதித்தது. அதிகாரி இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டார். போன தடவை நின்ற சிவப்பு மிதவை அருகில் டிரைவர் மூச்சை நிறுத்திக்கொண்டார். எஞ்சின் நிறுத்தவில்லை. வேண்டுமென்றே மிதவையைச் சுற்றி இன்னொரு வட்டம் அடித்தார், அலைக்குக் குறுக்கே, மோசமான பக்கமாக. சுருதி மாறவே இல்லை.

“போதும் தம்பி” என்றார் தபால்காரர். “ரத்தம் இங்கேயே சுத்தமாயிடும் போல.”

படகு டிரைவரிடமே இருந்தது. எச்சரிக்கை ஒன்று கிடைத்தது, தோணிக்காரர்களின் கேலி கூடுதலாகக் கிடைத்தது. “என்ன அண்ணே, வயித்தை ரொப்பிக்கிட்டு வர்றீங்க!” அவர் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்துவிட்டுப் போவார். மாலையில் வந்ததும் டேங்கை நிரப்பிவிட்டுத்தான் படகைக் கட்டினார். கரையில் கிடக்கும் படகைப் பார்த்தால், “வடிச்சியா? இல்லை வேர்க்க விட்டுட்டியா?” என்று விசாரிக்கவும் ஆரம்பித்தார். கொழுந்தியாளைப் பற்றி யாராவது பேசினால் அவர் முகத்தில் ஒரு பெருமை வந்துவிடும். தன்மேல் தப்பு இருக்குமோ என்று முதலில் தன் கடையையே பூட்டுகிற ஆளை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா என்று கேட்பார். கேட்டவர்கள் யாரும் பார்த்ததில்லை.

ஆனால் ஒரு சின்ன முள் மட்டும் உள்ளே நின்றது. மழைக்காலம் ஓய்ந்த ஒரு பிற்பகல் அதை மனைவியிடம் சொல்லிவிட்டார். முன்னறையில் அவருடைய படகுக்கான புது நீல உறை மெஷினிலிருந்து மடிமேல் வழிந்துகொண்டிருந்தது.

“உன் தங்கச்சி செஞ்சது எல்லாம் சரி. தங்கமான மனுஷி. ஆனா அன்னிக்குக் காலையில ஒண்ணு செஞ்சா பாரு, அது மட்டும் எனக்குப் பொறுக்கல. பாட்டில் கண்ணு முன்னாடி ரெண்டாப் பிரிஞ்சு நிக்குது. அதுக்கப்புறமும் என் மூக்குல கொண்டாந்து வச்சு, எப்படி இருக்குன்னு சொல்லுங்க, சொல்லுங்கன்னு… என் வாயாலேயே வரவைக்கணும்னு அவளுக்கு என்ன அப்படி ஒரு ஆசை?”

மனைவி கால் மிதியை நிறுத்தினாள். சக்கரம் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

“யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தா. பம்ப் வேலைக்குச் சேரும்போது” என்றாள். “இனிமே நீங்க வெளியே சொல்லிச் சிரிக்க மாட்டீங்கன்னு தெரியும். சொல்றேன்.”

சின்ன வயசில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு எந்த வாசமும் தெரியாது. பெட்ரோலும் தெரியாது, தீய்கிற பாலும் தெரியாது. கண்ணால் பார்க்க முடிந்ததை அவள் பாட்டிலில் பார்த்துக்கொண்டாள். மிச்சத்துக்கு, தினமும் காலையில், வரிசையில் முதலில் நின்றவருடைய மூக்கை இரவல் கேட்டாள்.